அரக்குப் புடவைத் தட்டு

உ

ஆலங்குடி,
மாசி மாதம், 1958,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி ஆத்மநாதனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கை அமராவதி மூவரும் உடம்பளவில் சுகம். மற்றச் சுகத்தை நீ கேட்கவும் வேண்டாம், நான் எழுதவும் வேண்டாம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தைரியமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த செல்லமுத்து வேறு மாதிரி சொன்னான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவனுடைய அறையில்தான் நீ தங்கியிருக்கிறாய் என்றும், காலையில் எழுந்தால் பழைய பழக்கத்தில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போய் மாமன் கடைக்கு எதிர்ச்சாரியில் நிற்கிறாய் என்றும், மிளகாய் மூட்டை இறக்குகிற ஆட்கள் உன்னைக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்றும் சொன்னான். "எம்புட்டோ சொன்னேன் பெரியப்பா, கேக்க மாட்டேங்கிறான், முதலாளி கூப்பிடுவாரு கூப்பிடுவாருன்னு நிக்கிறான்" என்றான். முதலில் அதை நிறுத்து. போ என்று சொன்னவன் வாசலில் போய் நிற்கிறவனை அவனும் கூப்பிட மாட்டான், பார்த்துக்கொண்டிருக்கிற பக்கத்துக் கடைக்காரனும் கூப்பிட மாட்டான். விலை போகாத சரக்கை வாசலிலேயே போட்டு வைத்தால் நாளுக்கு நாள் விலை இறங்குமே தவிர ஏறாது. இது மண்டி வைத்திருக்கிறவன் மகனுக்குத் தெரியாத விஷயம் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை தகப்பனாக, அடுத்த தடவை வியாபாரியாக, மூன்றாவது தடவை நம்ப முடியாமல். மாமன் நாகராசு உன்னைக் கூப்பிட்டு நாளையிலிருந்து கடைக்கு வர வேண்டாம் என்று சொன்னதையும், அன்றைக்கே பெர்மிட் ஆபீசுக்கு, இவன் இனிமேல் என் கடை ஆள் இல்லை என்று எழுதிப் போட்டதையும் எழுதியிருக்கிறாய். இலங்கையில் தங்கி வேலை பார்க்கிற உன் பெர்மிட் அவன் கடையின் பேரில் வாங்கியது. வேறு கடையில் ஏறினால் செல்லாது. பங்குனி முடிவதற்குள் கப்பல் ஏறிவிட வேண்டும் என்று ஆபீசிலிருந்து உனக்குக் காகிதம் வந்துவிட்டது. இது வரைக்கும் எனக்கு விளங்கியது. சொந்தத் தாய்மாமன், மடியில் போட்டு உனக்குக் காது குத்தினவன், ஒரு வார்த்தை இங்கே எழுதிக் கேட்காமல் இதைச் செய்தானே என்று வயிறு எரிந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாயே, அமராவதியை மாமன் மகன் முத்துராமனுக்குக் கொடுத்துவிட்டால் மாமா ஆபீசுக்கு மறு கடிதம் எழுதிப் பெர்மிட்டை நேர்செய்து தருவதாகச் சொல்லுகிறார், முறைதானே, கொடுத்தால் என்ன அப்பா என்று, அதைப் படித்தபோது எரிந்தது வயிறு இல்லை.

நடந்ததை எனக்குத் தெரிந்த வரையில் வரிசையாக எழுதுகிறேன். தவறு இருந்தால் நீ வந்து நேரில் சொல். வருஷா வருஷம் பொங்கலுக்கு உன் அம்மாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரும். நாகராசு கொழும்பில் இருந்தாலும் யார் கையிலாவது கொடுத்து அனுப்பிவிடுவான், அதில் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் அவனே பெண்டாட்டி சொர்ணத்தையும் முத்துராமனையும் கூட்டிக்கொண்டு வந்தான். நீயும் லீவில் அவர்களோடு அதே கப்பலில் வந்தாய், பெட்டி சுமந்தது நீ. சீர் கொண்டுவந்த நேரம் நான் வீட்டில் இல்லை, மண்டியில் கடலை மூட்டைக்கு நடுவில் நின்றேன். சொர்ணம் தட்டை நீட்ட, உன் அம்மா தம்பி வந்த சந்தோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கினாள். "இந்தாக்கா, பொறந்த வீட்டுச் சீரு" என்று மட்டும்தான் நாகராசு சொன்னான். தட்டில் மேலாக மஞ்சள் கொத்து, கற்கண்டு, உன் அம்மாவுக்கு ஒரு நூல் புடவை. அதற்கு அடியில் ஓர் அரக்குப் பட்டு, பக்கத்தில் குடுமி எடுக்காத தேங்காய். நம் வகையறாவில் அரக்குப் புடவையும் குடுமித் தேங்காயும் ஒரே தட்டில் வந்து, பெண்ணைப் பெற்றவள் அதைக் கையில் வாங்கிவிட்டால் பரிசம் போட்டது போலத்தான், பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பிறகு பிரித்துப் பார்த்த உன் அம்மா, இது என்னடா புதுசா என்று உன்னைத்தான் கேட்டாள். தங்கச்சிக்கு மாமா பொங்கலுக்கு எடுத்தது என்று நீதான் சொன்னாய். அவளும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். எனக்குக் காட்டக்கூட இல்லை.

கொழும்பில் அந்தப் புடவை எடுக்கும்போதே இது பரிசத்துக்கு என்று அத்தை சொன்னார்கள், எனக்குத் தெரியும், ஆனால் கடையில் இருக்கிறவன் எப்படி வாயைத் திறப்பது என்று இப்போது எழுதுகிறாய். ஆத்மநாதா, உன்னைச் சின்னப் பையனாக மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது நான் சொன்ன ஒரே பாடம் நினைவிருக்கிறதா. மூட்டையின் வாயில் கிடக்கிற காயைப் பார்த்து விலை சொல்லாதே, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார், ஈரம் அங்கேதான் இருக்கும் என்றேன். உன் அம்மா தட்டின் வாயைப் பார்த்தாள். அடியில் இருந்ததை நீ பார்த்திருந்தாய். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாய். சம்பளம் கொடுக்கிறவன் என்ற பயம் என்று எழுதுகிறாய். அந்தப் பயத்துக்கு என்ன கிடைத்தது? சம்பளமும் போய்விட்டது.

நாங்கள் ஒன்றும் தெரியாமல் ஐப்பசியில் கீரனூரில் ஒரு வரன் பார்த்தோம். பையன் திருச்சியில் ரயில்வே ஆபீசில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறான், கெட்ட பழக்கம் இல்லை, அமராவதிக்கும் பிடித்திருந்தது. இதைக் கேள்விப்பட்டதும் நாகராசு இங்கே உள்ள பங்காளிகளுக்கெல்லாம் கடிதம் போட்டான், எனக்கு மட்டும் போடவில்லை. அரக்குப் புடவை வைத்த தட்டை எங்கள் அக்கா இரண்டு கையாலும் வாங்கியது, தட்டு வாங்கின பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்பினால் நான் மாமன் என்று சொல்லிக்கொள்வது எதற்கு என்று எழுதியிருந்தான். பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை அன்றைக்குத்தான் நான் முதல் தடவையாகப் பார்த்தேன். கீரனூர்ச் சம்பந்தியிடம் நானே பஸ் ஏறிப் போய் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர். கோபப்படவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னார். "தட்டு அங்கிட்டு இருந்து வந்துருக்குங்க. வந்த கையிலயே திரும்பிப் போயிருச்சுன்னு ஒரு வார்த்தை வரட்டும், மறுநாளே நாங்க வெத்தலை பாக்கோட வாரோம். அது வரைக்கும் நீங்களும் பந்தக்கால் பேச்சு எடுக்காதீங்க, நானும் எடுக்கல" என்றார். நியாயம்தானே. இன்னொருத்தன் அச்சாரம் கொடுத்த சரக்கை நான் எடை போடுவேனா.

இதற்கு நடுவில்தான் உன் கடிதம். வந்த சேதி எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. டீக்கடையில் நான்கு பேர் இருக்கும்போது ஒருத்தன், "என்ன உடையப்பா, ஒங்க கொழும்புக் கப்பல் தரை தட்டிருச்சாமே" என்று கேட்டான். "தரை தட்டுன கப்பலைத்தான்யா இழுத்துக் கட்டலாம், ஒன் மகன் மாதிரி கரையிலயே ஒக்காந்துருக்கிற கப்பலை என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் விடவில்லை. பங்காளிகள் வந்து உட்கார்ந்து, பெண்ணைக் கொடுத்துவிடு, முறை மாப்பிள்ளைதானே, பையன் பிழைப்பும் தப்பும் என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள். உன்னிடம் மறைக்க மாட்டேன், ஒரு பொழுது நானும் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முத்துராமன் பொல்லாதவன் இல்லை. அப்பன் சொன்னால் உட்காருவான், சொன்னால் எழுவான். மாமன் வீடு வசதியான வீடு. உனக்கு வேலை நிற்கும், உன் அம்மாவுக்குத் தம்பி நிற்பான், எனக்கு வெளியில் தலை நிமிரும். கூட்டிப் பார்த்தால் எல்லாம் லாபக் கணக்காகத்தான் இருந்தது.

பிறகு யோசித்தேன். அமராவதியைக் கல்யாணம் செய்து கொழும்புக்கு அனுப்பினால் அவளும் பெர்மிட்டில்தானே போக வேண்டும். அவளுடைய பெர்மிட் யார் பேரில் இருக்கும்? புருஷன் பேரில். புருஷன் யார் கைக்குள் இருக்கிறான்? நாகராசின் கைக்குள். நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வருகிறது, குழம்பில் உப்புக் கூடிவிட்டது, குழந்தை பிறக்கவில்லை, அல்லது நான் அனுப்புகிற சீர் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள். உன்னைப் பற்றி எழுதின அதே பேனாவால் அதே ஆபீசுக்கு ஒரு வரி எழுதினால் போதும். இவள் இனிமேல் என் வீட்டு ஆள் இல்லை. நீ ஆண்பிள்ளை, திரும்பி வந்தால் மண்டி இருக்கிறது, தராசு இருக்கிறது. அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? நாகராசு உன் வேலையைப் பறிக்காமல் இருந்திருந்தால் இந்தப் புத்தி எனக்கு வந்திருக்காது, பெண்ணைக் கொடுத்தே இருப்பேன். மூட்டையின் நடுவில் என்ன இருக்கிறது என்று அவனே பிரித்துக் காட்டிவிட்டான். அந்த மட்டில் அவனுக்கு நான் கடமைப்பட்டவன்.

அமராவதியிடமும் உன் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். மறைத்து வைத்து ஏற்கெனவே ஒரு வருஷம் போய்விட்டது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணன் பொழைப்புக்காகன்னா நான் போறேன்ப்பா. ஒண்ணு மட்டும் கேட்டு எழுதுங்க. கொண்டு போய் விடுறதும் அண்ணனே விடட்டும், பெறகு அவுக வேணாம்னு அனுப்புற அன்னைக்கிக் கப்பலடிக்கு வந்து கூட்டியாறதும் அண்ணனே கூட்டியாரட்டும். எப்பன்னு இப்பவே தெரிஞ்சா பெட்டியை அவுக்காமயே வச்சிருப்பேன்" என்று சொன்னாள். அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. இதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று எனக்கு எழுத வேண்டாம். அவளுக்குச் சொல்.

உன் அம்மாவின் நிலைமைதான் பார்க்க முடியவில்லை. கூடப் பிறந்தவன் ஒருவன், வயிற்றில் பிறந்தவன் ஒருவன், இரண்டு பேரும் அந்தக் கரையில் இருக்கிறீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து அவள் பெண்ணை இழுக்கிறீர்கள். சமைக்கிறாள், பரிமாறுகிறாள், அவள் தட்டில் போட்டது அப்படியே இருக்கிறது. "என் தம்பி கெட்டவன் இல்லீங்க, அந்த ஊருதான் அவனைக் கெடுத்துருச்சு" என்றாள். ஊர் யாரையும் கெடுக்காது. அங்கே நம் ஆட்களைப் பார்த்துச் சட்டம் போடுகிறார்கள், கடைக்காரனுக்கு இருக்கிற பயத்தைக் கடையாள் தலையில் இறக்குகிறான், அவ்வளவுதான். அவன் தனக்குப் பிரஜா உரிமை வாங்கிக்கொண்டான், உன்னைப் பெர்மிட்டில் வைத்துக்கொண்டான். சர்க்கார் அவன் கையில் ஒரு சாட்டையைக் கொடுத்தது, சொந்தக்காரன் முதுகு பக்கத்தில் இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லுகிறேன்.

இன்னொன்று. மலைப்பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கடைகளில் பெர்மிட் கேட்காமல் ஆள் எடுக்கிறார்கள், அங்கே போய் ஒளிந்து கொஞ்ச நாள் பார்க்கலாமா என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறாய். அடித்தாலும் படிக்க முடிகிறது. அன்னவாசல் முனியசாமி அப்படித்தான் போனான். கடைக்குப் பின்னால் சாக்கு மறைவில் படுத்துக்கொண்டு வேலை பார்த்தான். இவனால் வெளியில் சொல்ல முடியாது என்று தெரிந்த முதலாளி கூலியே கொடுக்கவில்லை, சோறு மட்டும் போட்டான். கடைசியில் யாரோ காட்டிக்கொடுத்து, கள்ளத்தோணி என்று பிடித்துக்கொண்டுபோய் முகாமில் போட்டு, கட்டின வேட்டியோடு கப்பல் ஏற்றினார்கள். இப்போது அவன் நம் மண்டிக்கு மூட்டை தைக்க வருகிறான். பஸ் கண்டக்டரின் காக்கிச் சட்டையைப் பார்த்தால்கூட எழுந்து நின்றுவிடுகிறான். பெர்மிட் செல்லும்போதே, உன் பெயரைச் சொல்லி, உன் டிக்கெட்டைக் காட்டித் தலைமன்னாரில் கப்பல் ஏறு. வேலை போனவன் என்று சொன்னால் கேவலம் இல்லை, ஓடி ஒளிந்தவன் என்ற பெயர் கடைசி வரைக்கும் கூட வரும்.

இங்கே வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். மண்டியில் இடம் இருக்கிறது. ஆனால் வந்த அன்றைக்கே கல்லாவில் உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டு வராதே. தராசடியில் நிற்க வேண்டும், சாக்குப் பிடிக்க வேண்டும், குடியானவன் பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கொழும்புச் சட்டையும் கைக்கடிகாரமும் அங்கே எடுபடாது. இந்த வருஷம் முந்திரி நன்றாகப் பூத்தது, பனியில் பாதி கருகிவிட்டது, அதனால் கை இறுக்கம்தான். உனக்குக் கசக்கும். எனக்கும் இனிக்கவில்லை. ஊரில் முதல் தடவையாக ஒரு பையனைக் கடல் கடந்து அனுப்பினவன் என்று தலை நிமிர்ந்து நடந்தவன் நான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். செல்லமுத்து வியாழக்கிழமை திரும்புகிறான். இந்தக் கடிதத்தோடு ஒரு துணிப் பொட்டலம் தருவான். உள்ளே அந்த அரக்குப் புடவை இருக்கிறது, மடிப்புக் கலையவில்லை. பார்சலில் நேராக நாகராசுக்கு அனுப்பியிருப்பேன், ஆனால் தபால்காரன் கொண்டுவந்தது எனக்குத் தெரியாது என்று அவன் சொல்லிவிடுவான். வந்த கையில் திரும்ப வேண்டும், அதைக் கொண்டு சேர்க்கிற கை இந்த வீட்டுக் கையாகவும் இருக்க வேண்டும். எனக்குப் பெர்மிட் கிடையாது. அந்தக் கரையில் இந்த வீட்டு ஆள் நீ ஒருவன்தான், நீயும் பங்குனி வரைக்கும்தான். சுங்கத்தில் செல்லமுத்துவைக் கேட்டால் விற்கிற சாமான் இல்லை, திருப்பிக் கொடுக்கிற சாமான் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். கப்பலுக்குக் கிளம்புகிற அன்று காலையில் போ. ஒரு பித்தளைத் தட்டு வாங்கிக்கொள். எதிர்ச்சாரியில் நிற்காதே, தெருவைத் தாண்டிக் கடைக்குள் ஏறு. கடையாட்கள் எல்லோரும் இருக்கிற நேரத்தில், மாடி வீட்டிலிருந்து உன் அத்தையைக் கூப்பிடச் சொல்லி, சொர்ணத்தின் கையிலேயே கொடு. மேலே எதையும் வைத்து மூடாதே. புடவையும் தேங்காயும் எல்லோர் கண்ணிலும் படட்டும். இது போன வருஷம் நீங்கள் கொடுத்தது, எங்கள் வீட்டில் பேசி முடிக்காமல் வாங்கியது, அதனால் திரும்பி வந்திருக்கிறது என்று சொல். கத்தாதே. தலையைக் குனியாதே.

நாகராசு வியாபாரி. அந்த நேரத்தில் உன் தோளில் கை போட்டு, இப்பவும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை மாப்பிள்ளை, தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வா, ஆபீசுக்கு மத்தியானமே எழுதிவிடுகிறேன் என்று சொல்லுவான். சொல்லாமல் இருக்க மாட்டான், அதற்காகத்தானே இவ்வளவும் செய்தான். அப்போது நான் அங்கே இருக்க மாட்டேன், உன் அம்மா இருக்க மாட்டாள். தட்டு உன் கையில் இருக்கும். பொங்கலன்று வாயைத் திறக்காமல் நின்றாயே, அதே மாதிரி நிற்பதா வேண்டாமா என்று நீதான் முடிவுசெய்ய வேண்டும். கொடுத்துவிட்டாய் என்றால் உடனே தந்தி அடி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நான் கீரனூர் போகிறேன். கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிவர மைத்துனன் வேண்டும், அதற்குள் வந்துவிடு. தந்தி வரவில்லை என்றால் நான் எங்கேயும் போக மாட்டேன், உனக்கும் மறுபடி எழுத மாட்டேன். தட்டு எப்படியும் திரும்பும். யாராவது பெர்மிட் உள்ளவன் காலில் விழுந்தாவது அனுப்புவேன். ஆனால் அதற்குள் கீரனூர் காத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

புடவையை மடித்துக் கட்டினது நான் இல்லை, உன் அம்மா. தேங்காய் அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும் என்றேன், கேட்கவில்லை. கொல்லை மரத்துத் தேங்காயில் ஒன்றைத் தேடி எடுத்துக் குடுமி விட்டு உரித்து, அதையும் உள்ளே வைத்தாள். கட்டி முடித்துவிட்டு, "குடுத்த பெறகு மாமன் கால்ல விழுந்து திருநீறு வாங்கிக்கிட்டு வரச் சொல்லுங்க, என் தம்பியத் தூக்கி எறிஞ்சுட்டு வந்தான்னு இருக்க வேணாம்" என்று சொன்னாள். நான் மறுக்கவில்லை. உனக்கு மனசு இருந்தால் விழுந்து எழுந்து வா.

நாமபுரீஸ்வரர் உனக்குத் துணை நிற்பார். கடல் காற்றுக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொள். அறை கொடுத்த செல்லமுத்துவுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் கிளம்பாதே. கொழும்பிலிருந்து வருகிறவன் சோப்பும் சென்ட்டும் கொண்டுவர வேண்டும் என்று யாரும் இங்கே காத்திருக்கவில்லை. அவர்கள் வழிக்கு என்று எதைக் கொடுத்தாலும், ஒரு வாழைப்பழமானாலும், வாங்காதே. தட்டைக் கொடுத்த கை வெறுங்கையாகவே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. உடையப்பன்
கடலை மண்டி, ஆலங்குடி.